கரியும் பச்சை ஓடும்

1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வைத்தேன். ஆறே காலுக்குக் கிணற்றடியில் முழுகினேன், முப்பத்திரண்டு வாளி. ஏழு மணிக்குப் புட்டும் சம்பலும். ஏழு இருபதுக்கு விறாந்தை மேசையில் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, அந்த வாரம் கடற்கரையில் பொறுக்கிய பழைய பீங்கானின் பச்சை ஓடுகளைக் கழுவி அடுக்கினேன். சனிக்கிழமைகளில் இதுதான் வேலை. ஓட்டைக் காயவைத்து, பச்சைப் பூச்சு ஏறாத அடிப்பக்கத்தில் இலக்கம் எழுதி, பெரிய கொப்பியில் பதிவேன். கிடைத்த இடம், ஆழம், அளவு, நிறம், அடியில் சூளைத் தழும்பு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் உண்டு. மலாயா ரெயில்வேப் பண்டகசாலையில் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். வேறு விதமாக எழுத எனக்கு வராது.

நாற்பத்தோராம் ஓட்டில் நாலு எழுதி ஒன்று எழுதப் போகும்போது கோடாலிச் சத்தம் கேட்டது. மணி ஏழு ஐம்பது. மரம் வெட்டும் சத்தம் வேறு, வேலி வெட்டும் சத்தம் வேறு. வேலிக் கதியால் நட்டுச் சில நாளே ஆன ஈரத்தடி. கோடாலி விழும்போது தொப்பென்று விழும்.

"இஞ்சாருங்கோ, பக்கத்துக் காணியிலை தொடங்கிட்டினம்," என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து. "நீங்கள் போகாதேங்கோ. முழுகின உடம்பு."

போனேன்.

பக்கத்துக் காணி ஒரு தமையனுக்கும் தங்கைக்கும் உரியது. தெற்குப் பாதி தமையனுடையது. அவர் புகையிலைத் தோட்டக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வடக்குப் பாதியைத் தகப்பன் தங்கைக்குச் சீதனமாக எழுதியிருந்தார். தங்கையின் கணவர் இணுவிலில் இருந்து வந்து குடியேறியவர். ஊரில் எல்லோரும் அவரை இணுவிலார் என்றே சொல்வார்கள். இரண்டு பாதிக்கும் நடுவே, தெருமூலைப் பனையில் தொடங்கிக் கடற்பக்கமாக ஒரு வேலி ஓடியது. வேலிக்கு ஒட்டினாற்போல ஒரு கிணறு. எங்கள் பக்கம் கடலுக்குக் கிட்ட. பத்துக் கிணறு தோண்டினால் ஒன்பது உவர். அந்தக் கிணறு நல்ல தண்ணீர். அது வேலிக்கு வடக்கே இருந்தால் தங்கையினது, தெற்கே இருந்தால் தமையனது. சண்டை முழுவதும் இதற்குத்தான்.

போன வருடம் தகப்பன் இறந்தார். மார்கழிக் காற்றில் வேலி விழுந்தது. ஏழு மாதம் ஒருவரும் வேலி அடைக்கவில்லை. ஜூலை 22இல் தமையன் புதுக் கதியால் நட்டார். கிணறு அவர் பக்கம் விழுந்தது. மூன்று நாளில் இணுவிலார் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தார். அடுத்த சனிக்கிழமை தங்கையின் சினை ஆடு கழுத்தறுந்து கிணற்றுக் கட்டில் கிடந்தது. பிறகு தமையனின் குடிலில் தொங்கிய புகையிலையை யாரோ துண்டு துண்டாகக் கொத்தியிருந்தார்கள். தமையன் மறுபடியும் வேலி நட்டார். ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை, தண்ணீர் அள்ள வந்த இணுவிலாரின் தலையில் ஒரு கல் விழுந்தது. ஐந்து தையல். கல்லை எறிந்தது யார் என்று கேட்டதற்கு, "பனங்காய் விழுந்திருக்கும்," என்றார் தமையன். ஆடிக் கடைசியில் பனங்காய் விழும்தான். ஆனால் அது தையல் போடும் அளவுக்குக் கூராக விழாது.

பச்சை ஓடு எனக்குப் பழக்கமானதும் இரத்தத்தோடுதான். ஈப்போவில் நான் வாடகைக்கு இருந்த தெருவில் ஒரு சீனர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். மாலையில் அங்கே போய்ச் சாடிகளையும் கோப்பைகளையும் எடுத்துப் பார்ப்பேன். சாம்பல் நிற மண். அதன்மேல் முருங்கையிலையைக் கசக்கிப் பிழிந்து பூசியது போன்ற மெல்லிய பச்சை. இந்த வகை ஆயிரம் வருடத்துக்கு முந்தியது என்பார் அவர். அடியைத் திருப்பிக் காட்டுவார். சூளையில் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியபோது ஒட்டாமல் வைத்த களிமண் உருண்டைகளின் தழும்பு வட்டமாக இருக்கும். ஒருநாள் ஆறு பேர் கைக்கோடாலியோடு கடைக்குள் நுழைந்தார்கள். எந்தச் சங்கத்துக்கு அவர் பகையோ எனக்குத் தெரியாது. நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். சாடிகள் உடைந்த சத்தம் நாலு நிமிடம் கேட்டது. உள்ளே போனபோது அவர் இடது காதைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்தார். காது அங்கே இல்லை. என் காலடியில் ஒரு பச்சை ஓடு கிடந்தது. கழுவி வைத்துக்கொண்டேன். அதுதான் இலக்கம் ஒன்று.

1932இல் ஆட்குறைப்பில் என்னையும் அனுப்பினார்கள். ஊருக்கு வந்த மூன்றாம் நாள், வற்றிய கடற்கரையில் நடந்தபோது அதே பச்சை சேற்றில் தெரிந்தது. குனிந்து எடுத்தேன். அதே சாம்பல் மண், அதே தழும்பு. எந்தக் காலத்திலோ எங்கள் கரைக்குச் சீனக் கப்பல் வந்திருக்கிறது என்று புரிந்தபோது, வீட்டுக்கு ஓடிப்போய் மனைவிக்குச் சொன்னேன். "வந்த கப்பல் முழுக்கோப்பையாய் ஒண்டும் தரேல்லையோ?" என்று கேட்டாள். ஊரில் நான் மலாயாக்காரர், ஓடு பொறுக்கிறவர். பத்தொன்பது வயதில் போய் நாற்பத்தைந்தில் திரும்பியவனுக்கு ஊர் வழக்கம் பாதி தெரியாது. அதை நான் அப்போது உணரவில்லை.

1934 ஜனவரியில், வேலி விழுந்து கிடந்த அந்தப் பக்கத்துக் காணியில், மூலைப் பனைக்குக் கிட்ட மழை அரித்த மணலில் ஒரு பச்சை விளிம்பு தெரிந்தது. தங்கையும் இணுவிலாரும் அப்போது ஊரில் இல்லை. இணுவிலில் தங்கையின் மாமியார் படுக்கையில் கிடந்ததால் சித்திரை வரை வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தமையனிடம் கேட்டேன். "தாராளமாய்க் கிண்டுங்கோ. உந்த ஓட்டை வைச்சு என்ன செய்யப் போறம்," என்றார். கிண்டினேன். ஒரு முழ ஆழத்தில் ஓடு, அதன் கீழே ஒரு பிடி கரி. சரியாக இருபத்துநாலு அடி தள்ளி இன்னொன்று. மார்ச் மாதத்துக்குள் ஒரே நேர்கோட்டில் பதினொரு ஓடு எடுத்தேன். இலக்கம் 27 முதல் 37 வரை. முப்பத்துநாலாம் ஓட்டின் வெளிப்பக்கம் தாமரை இதழ் செதுக்கியிருந்தது. அதைப்போல ஒன்றை ஈப்போவிலும் நான் கண்டதில்லை.

நேர்கோடு, சம இடைவெளி, ஒவ்வொன்றின் கீழும் கரி. நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்பதைக் கொப்பியில் இப்போதும் வாசிக்கலாம். சீன வணிகர் கட்டிய ஒரு பண்டகசாலை அங்கே இருந்தது. அதன் தூண்கள் இருபத்துநாலு அடிக்கு ஒன்றாக நின்றன. அது தீப்பிடித்து அழிந்தது. நிறப் பென்சிலால் படமும் கீறியிருக்கிறேன். கதவு எங்கே என்று கூட.

அன்று நான் போனபோது இணுவிலார் மூன்றாவது கதியாலை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். தமையன் வேலி வெட்டும் கத்தியோடு நின்றார். அயலவர் ஐந்தாறு பேர் நடுவில். எட்டே காலுக்கு விதானையார் வந்தார். அரசாங்கத்தின் பெயரில் எங்கள் ஊரைப் பார்ப்பவர் அவர்தான். கையில் குடை. அவரைக் கண்டதும் இணுவிலார் கோடாலியைக் கீழே போட்டார்.

"விதானையார், நான் ஒண்டு சொல்லுறன்," என்றார். தலைக்கட்டில் திங்கட்கிழமை இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. "மாமா கண்ணை மூட முந்தி என்னை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர். மூலைப் பனையிலையிருந்து நாலு பாகத்துக்கு ஒண்டாய், முழ ஆழத்திலை, ஒரு பச்சை ஓடும் ஒரு பிடி கரியும் புதைச்சிருக்கு. கதியாலைத் தள்ளி நடலாம், கல்லைப் பிடுங்கலாம், ஓடும் கரியும் உக்காது, ஆருக்கும் தேவைப்படாது எண்டு சொன்னவர். அதுதான் எல்லை. கிண்டிப் பாருங்கோ."

கரி என்ற சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. நாலு பாகம் என்றால் இருபத்துநாலு அடி.

தமையன் சிரித்தார். "செத்த மனிசனைச் சாட்சிக்குக் கூப்பிடுறான். கிண்டு மச்சான். ஒரு ஓடு எடுத்துக் காட்டு, கிணத்தைத் துலாவோடை தாறன். இல்லையெண்டால் உந்த வேலியிலை வைச்ச கை உன்னட்டை இராது." சொல்லும்போது அவர் இணுவிலாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் பேசியிருக்க வேண்டும். எட்டு முப்பதுக்குப் பேசியிருக்கலாம். ஏன் பேசவில்லை என்பதைப் பின்னால் பலவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். வெட்கம், பயம் என்றெல்லாம். உள்ளதைச் சொன்னால், முப்பத்துநாலாம் ஓட்டைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதுதான் காரணம்.

இணுவிலார் அலவாங்கால், இரும்புக் கடப்பாரையால், குத்தினார்; தங்கை மண்ணை இரண்டு கையாலும் அள்ளி விரலிடுக்கால் விட்டுப் பார்த்தாள். முதல் கிடங்கில், முழ ஆழக் குழியில், வெறும் மணல். இரண்டாவதிலும் மணல். நான் கரியைக் கூட விடாமல் வழித்து எடுத்திருந்தேன்.

"மாமனார் ஓடு புதைச்சவரோ, உனக்குக் காதிலை பூ வைச்சவரோ?" என்றார் தமையன். மூன்றாவது கிடங்கில், "இன்னும் கொஞ்சம் ஆழமாய்க் கிண்டு மச்சான், தண்ணி வரும். உனக்குப் புதுக் கிணறு." அயலவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாலாவது கிடங்கின்போது ஒருவரும் சிரிக்கவில்லை. இணுவிலாரின் தலைக்கட்டு அவிழ்ந்து தையல் ஒன்று பிரிந்திருந்தது. இரத்தம் புருவத்தில் இறங்கியது. துடைக்காமல் குத்தினார். ஐந்தாவது கிடங்கு கிணற்றடியில். அதிலும் ஒன்றும் இல்லை.

தங்கை எழுந்து, "அண்ணை, ஐயா சொன்னதை நானும் கேட்டனான். உனக்கும் தெரியும்," என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்? உவன் உன்னைப் பொய் சொல்லப் பழக்கி வைச்சிருக்கிறான்."

இணுவிலார் கிடங்குக்குள் முழங்காலில் இருந்தார். எழும்பும்போது பிடிமானத்துக்கோ கோபத்திலோ, பக்கத்தில் நின்ற கதியாலை இடது கையால் பிடித்து உலுக்கினார். கத்தி இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. சின்ன விரலும் மோதிர விரலும் கிடங்குக்குள் விழுந்தன. கத்தி தடியில் அரை அங்குலம் ஏறி நின்றது. தங்கை வாளியை எடுத்துத் தமையனின் தோளில் அடித்தாள். அவர் திரும்பி மூடிய கையால் அவள் வாயில் குத்தினார். அவள் துலாக்காலில் மோதி விழுந்தாள். துப்பியபோது ஒரு பல் வந்தது. அப்போது மணி ஒன்பது இருபத்தைந்து. நான் ஆறடி தூரத்தில் நின்றேன். என் கை இரண்டும் என் பக்கத்திலேயே இருந்தன.

வீட்டுக்கு நடந்தேன். ஓடுகள் இருந்த பிஸ்கட் தகரத்தையும் கொப்பியையும் மூன்றடிக் கோலையும் எடுத்தேன்.

"அங்கை வெட்டுக்குத்து, இவர் ஓடு எடுக்கிறார்," என்றாள் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்து வழி விட்டாள்.

திரும்பி வந்தபோது இணுவிலாரின் கையைச் சேலைத் துண்டால் கட்டி, பனை நிழலில் கிடத்தியிருந்தார்கள். வண்டிக்கு ஆள் போயிருந்தது. விரல்களை யாரோ வாழையிலையில் சுற்றி விதானையாரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் வாழையிலையுமாக, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தமையன் கத்தியோடு கிணற்றுக் கட்டில் இருந்தார்.

"ஓடு என்னட்டை இருக்கு," என்றேன். தகரத்தைத் திறந்து காட்டினேன். பிறகு கொப்பியை விரித்து வாசித்தேன். "1934 பெப்ரவரி 3, சனி. இலக்கம் 29. மூலைப் பனையிலிருந்து 72 அடி 1 அங்குலம். ஆழம் 17 அங்குலம். ஓட்டுக்குக் கீழே கரி, ஒரு பிடி. காணிக்காரர் அலவாங்கோடு வந்து, நாலு பாகம் தள்ளிக் கிண்டிப் பாருங்கோ, கிடக்கும் என்று இடம் காட்டினார். அவர் சொன்ன இடத்தில் இருந்தது."

அதை எழுதிய நாளில் தமையனுடைய ஊகத்தைப் புத்திசாலித்தனம் என்று எண்ணி, பக்கத்தில் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். எல்லையை அவர் தன் கையால் பிடுங்கவில்லை. என் கையால் பிடுங்குவித்தார். உதவிக்கு அலவாங்கும் தந்தார்.

தங்கை எழுந்து என்னிடம் வந்தாள். உதடு வீங்கிப் பேச்சு குழறியது.

"முதல் கிடங்கு வெட்டேக்கை நீங்கள் இஞ்சைதானே நிண்டனீங்கள் அண்ணை?"

"ஓம்."

"அஞ்சாம் கிடங்கு மட்டும் நிண்டனீங்கள்."

"ஓம்."

அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கணவரிடம் திரும்பிப் போனாள்.

"எழுத்து ஆரும் எழுதலாம்," என்று தமையன் எழும்பினார். "கடற்கரை முழுக்க உந்த ஓடுதான். உவன் குடுத்திருப்பான், இவர் எழுதியிருப்பார்." ஒரு எட்டில் வந்து தகரத்தைப் பறித்து, கிணற்றுக் கட்டின் சீமெந்தில் கவிழ்த்தார். ஓடுகள் கட்டில் பரவின. கீழே கிடந்த கோடாலியை எடுத்துத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் இடித்தார். எள்ளு இடிப்பது போல. நாலாவது அடியில் தாமரை இதழ் போனது.

நான் மூன்றடிக் கோலால் அவரை அடித்தேன். தேக்குக் கோல், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். முதல் அடி காதில். இரண்டாவது கழுத்தில், அதில் விழுந்தார். மூன்றாவது அடி அவர் விழுந்த பிறகு, முகத்தில். நாலாவதற்குக் கை ஓங்கியபோது இரண்டு பேர் பின்னால் இருந்து பிடித்தார்கள். ஒரு மனிதனின் விரல்கள் விழுந்தபோது அசையாத கை அது. ஓடு உடைந்தபோது அசைந்தது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை; அங்கே நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"மலாயாக்காரர், நீரும் கொலைக்கோ வந்தனீர்?" என்றார் விதானையார். வாழையிலை இன்னும் கையில் இருந்தது. "கோலைக் கீழை போடும். இனி ஒருத்தனும் ஒருத்தனையும் தொடக்கூடாது. உமது எழுத்தை நான் நம்புறன், ஆனால் கோட்டிலை நீதவான் நம்பமாட்டார். மண்ணுக்குள்ளை நீர் எடுக்காத ஓடு ஒண்டாவது மிச்சம் இருக்கோ?"

கொப்பியைப் பார்த்தேன். பதினோராம் ஓடு 264 அடியில். கணக்குப்படி பன்னிரண்டாவது 288 அடியில் இருக்க வேண்டும். அந்த இடத்தில், வேலி முடிந்த இடத்துக்கு அப்பால், தமையனின் புகைக் குடில் நின்றது, புகையிலையைப் புகை போட்டுப் பதப்படுத்தும் மண்குடில். மார்ச்சில் அங்கேயும் கிண்டக் கேட்டேன். "அங்கை ஒண்டும் கிடையாது, சுவர் இடிஞ்சுபோம்," என்று மறுத்துவிட்டார். அதையும் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

பனையில் கயிற்றைக் கட்டினோம். கொப்பியின்படி ஐந்தாம் ஓடு கிணற்றுக் கட்டிலிருந்து தெற்கே ஐந்தடி இரண்டங்குலம். அந்தப் புள்ளிக்கு மேலாகக் கயிற்றை இழுத்துக் கடற்பக்கம் கொண்டுபோனோம். கிணறு கயிற்றுக்கு வடக்கே கிடந்தது. கயிறு குடிலின் வடமேற்கு மூலைக்குள் போய் நுழைந்தது. நான் கோலால் அளந்துகொண்டே போனேன். கோலில் தமையனின் இரத்தம் இருந்ததால் கை வழுக்கியது.

இருநூற்றைம்பது அடியில் இருந்தபோது தமையன் எழுந்து, கிணற்றுக் கட்டில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து குடில் வாசலில் நின்றார். ஒரு கண் மூடியிருந்தது. "உள்ளை வாறவனை வெட்டுவன்," என்றார். விதானையார் குடையை நீட்டினார், குடை இரண்டாகியது. அயலவர்கள் கூரைக்கு வெட்டிய ஒரு நீளப் பனஞ்சலாகையைத் தூக்கி, ஆளின் நெஞ்சில் வைத்து வாசல் நிலையோடு சேர்த்து அமுக்கினார்கள். கத்தி விழுந்தது. அவரை அந்தச் சலாகையிலேயே கட்டினார்கள். கட்டும்போது ஒருவர் வயிற்றில் உதைத்தார், இன்னொருவரும் உதைத்தார். முன்பு தமையனோடு சேர்ந்து சிரித்த அதே ஆட்கள்தான். தங்கை, "போதும், விடுங்கோ," என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள்.

மூலைச் சுவரை அலவாங்கால் நான்தான் இடித்தேன். நான்தான் கிண்டினேன். பதினெட்டு அங்குலத்தில் பச்சை தெரிந்தது. கோப்பையின் அடி, உள்ளே தழும்பு நாலு. கீழே கரி. கை தானாக நீண்டது. தங்கை என் மணிக்கட்டைத் தட்டிவிட்டு அதை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"இதுக்கு இலக்கம் போட வேண்டாம்," என்றாள்.

பதினொன்றரைக்கு வண்டி வந்தது. இணுவிலாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கையும் ஏறினாள். ஏறுவதற்கு முன் பன்னிரண்டாம் ஓட்டை எடுத்த கிடங்கிலேயே வைத்து, கரியையும் வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பொலிஸ் வந்தது. கத்தியைக் கடதாசியில் சுற்றி எடுத்தார்கள். சார்ஜன்ட் என்னிடம் வாக்குமூலம் எழுதினார். யார் முதலில் வெட்டியது, எந்தக் கை, எத்தனை மணி. எல்லாம் சொன்னேன். பிறகு, "நான் மூன்று அடி அடித்தேன். மூன்றாவது அவர் விழுந்த பிறகு," என்றேன்.

"அதை நான் கேக்கேல்லை ஐயா."

"எழுதுங்கோ."

அவர் என்னை ஒரு தரம் பார்த்து, பேனாவை மூடினார். தமையனை என் வாசற் படலையைக் கடந்து கொண்டுபோனார்கள். "என்ரை வளவிலை உம்மை நான்தானே விட்டனான்," என்றார் தமையன். குற்றம் சொல்வது போல இல்லை. ஒரு விபரத்தைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். ஓம் என்றேன்.

மாலையில் ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வந்தது. இணுவிலாருக்கு உயிர்ப்பயம் இல்லை. மூன்று விரல் நிற்கும். விதானையார் வந்து என் விறாந்தையில் நின்றபடியே சொன்னார்: "நாளைக் காலமை ஏழு மணிக்குப் பதினொரு ஓட்டையும் எடுத்த இடத்திலை வைக்க வேணும். உடைஞ்சது உடைஞ்சபடி வைக்கலாம். கரியும் வேணும். தங்கச்சிக்காரி ஆஸ்பத்திரியாலை வந்து நிப்பா, தமையன்ரை பெண்சாதியும் நிப்பா. ரெண்டு பேரும் பாக்க நீர் வைக்க வேணும்."

கிணற்றுக் கட்டிலும் கீழே புல்லிலும் இருந்து துண்டுகளைப் பொறுக்கினேன். எண்பத்துமூன்று. காலையில் விரித்த பத்திரிகை மேசையில் அப்படியே கிடந்தது. அதில் பதினொரு குவியலாகப் பிரித்தேன். அடிப்பக்கத் துண்டுகளில் இலக்கத்தின் பாதி இருந்ததால் சிலவற்றைப் பிரிப்பது எளிது. ஆறு துண்டுகள் எந்த ஓட்டினது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவற்றில் ஒன்றில் இரத்தம் இருந்தது; யாருடையது என்றும் தெரியவில்லை. மனைவி விளக்கைக் கொண்டுவந்து வைத்து, "கழுவேல்லையோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பண்டகசாலைப் படத்தைக் கொப்பியிலிருந்து கிழிக்கவில்லை. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, "பிழை. இது ஓர் எல்லை," என்று எழுதித் தேதி போட்டேன். அன்றைய பதிவு அதோடு முடிகிறது.

ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பழைய கரி என்னிடம் இல்லை. மார்ச்சில் நிறுத்துப் பார்த்து, எடையை எழுதிவிட்டு, குப்பைக் கிடங்கில் கொட்டியிருந்தேன். அதனால் முகம் கழுவுமுன், குசினியில் இருந்து ஆறு சிரட்டையை எடுத்து முற்றத்தில் அடுக்கி நெருப்பு வைத்தேன். சிவந்து வந்ததும் மணலை அள்ளி மூடி, ஆறும்வரை பக்கத்தில் குந்தியிருந்தேன்.